ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

தொற்றுநோய், ஒட்டுண்ணி நோய் ஆராய்ச்சி என்று இந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகள் சிலர், அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்லுங்கள் ஐயா என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கு கற்றுக்கொடுத்தது. பாடம் படிக்க லண்டன், லிவர்பூல் என்று போக வேண்டியதில்லை. அங்கிருந்தவர்களே இங்கே வந்துதான் படித்தார்கள். கீழே சொல்லியிருப்பவை தனித்தனி விஷயங்களாகத் தெரிந்தாலும் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் ஓடுகிறது: ஒரு நோய்க்கு முதலில் வைத்த பெயர் தவறாக இருக்கலாம், அந்தத் தவறுக்கு ஏழைகள் உயிரைக் கொடுக்கிறார்கள்.

1. நோய் யாருக்கு வந்தது என்று எல்லாரும் கேட்பார்கள். யாருக்கு வரவில்லை என்று நீங்கள் கேளுங்கள்.

1998 செப்டம்பரில் ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் கிளம்பியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டினார்கள். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. அந்தக் கிருமி பன்றியில் பெருகும், கொசு அதை மனிதனுக்குக் கொண்டுவரும். சில நோயாளிகளின் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருளும் கிடைத்தது. கொசுவுக்குப் புகை அடித்தார்கள், ஆட்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. பன்றிகளோடு சேர்ந்து நெகிரி செம்பிலானுக்கு இறங்கி, புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா வரை வந்துவிட்டது.

கண்ணைத் திறந்து பார்த்தால் கணக்கு இடித்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைப் பிடிக்கும். இங்கே விழுந்தவர்கள் உழைக்கிற வயதுள்ள ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளே சத்தமாக இருமி, மூச்சுத் திணறிச் செத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, பண்ணைக்கு அக்கம்பக்கத்தில் குடியிருந்து பன்றியைத் தொடாமல் வாழ்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை. கொசுவுக்குச் சாதியும் தெரியாது, மதமும் தெரியாது. அது கடிக்கிற ஊரில் பன்றியைக் கையால் தொட்டவன் மட்டும் விழுகிறான் என்றால் குற்றவாளி கொசு இல்லை. 1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் தண்டுவட நீரை வெரோ செல்களில் வளர்த்தபோது, செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய பெரிய திட்டுகளாக மாறின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி அப்படிச் செய்வதில்லை. மாதிரி அமெரிக்காவுக்குப் போயிற்று. உலகம் அதுவரை அறியாத வைரஸ் என்று தெரிந்தது. அதுதான் நிப்பா. மலேசியாவில் 265 பேர் நோயில் விழுந்து 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்ற பிறகுதான் ஓய்ந்தது.

2. படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் 'தோட்டத் தொழிலாளி' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குத் தாவாதீர்கள். தோட்டத்தில் என்ன செய்கிறார்? செம்பனைக் குலை வெட்டுகிறாரா, மருந்து அடிக்கிறாரா, மரத்தடியில் குந்தி உதிரிப் பழம் பொறுக்குகிறாரா? பொறுக்குகிற அம்மாவின் உடம்பு நாள் முழுக்கப் புல்லிலும் களையிலும் உரசுகிறது. அங்கேதான் ஸ்க்ரப் டைபஸ் பரப்பும் பூச்சியின் குஞ்சு ஏறுகிறது. அது கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும், வலிக்காது, அரிக்காது. அக்குளில், இடுப்பு மடிப்பில், மார்புக்குக் கீழே என்று மறைவான இடங்களில்தான் அதிகம் காணலாம். பெண் நோயாளி என்றால் தாதியைக் கூட வைத்துக்கொண்டு, ஏன் பார்க்க வேண்டும் என்று சொல்லி, பார்க்கச் செய்யுங்கள். கூச்சத்தால் பார்க்காமல் விட்ட பொருக்கு, டிங்கி என்று எழுதப்பட்டுப் போகும்.

3. கணக்கில் இடிக்கிற நோயாளியைத் தள்ளிவிடாதீர்கள். 1948-ல் அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஸ்மடெல் குழுவினர் குளோரம்பெனிகால் என்ற புது மருந்தை ஸ்க்ரப் டைபஸுக்குச் சோதிக்கக் கோலாலம்பூருக்கு வந்தார்கள். நம் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில்தான் வேலை. ஸ்க்ரப் டைபஸ் என்று நினைத்து மருந்து கொடுத்த ஒருவருக்கு இருந்தது டைபாய்டு என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அவர் குணமாகி வந்தார். தவறான நோயாளி என்று பட்டியலிலிருந்து அவரை எடுத்துவிட்டிருந்தால் அதோடு போயிருக்கும். அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதுவரை மருந்தே இல்லாத டைபாய்டுக்கு முதல் மருந்து அப்படித்தான் கிடைத்தது.

4. உங்கள் வேலை பலித்தது என்று சொல்வதற்கு முன், நீங்கள் கை வைக்காத ஊரின் எண்ணிக்கையைக் காட்டுங்கள்.

மால்கம் வாட்சன் 1901 ஜனவரியில் கிள்ளானுக்கு அரசு மருத்துவராக வந்தார். கொசுதான் மலேரியாவைச் சுமக்கிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டு நான்கு வருஷம்கூட ஆகவில்லை. அந்த வருஷமே திறந்த புதுத் துறைமுகத்தில், அதாவது இன்றைய போர்ட் கிள்ளானில், ஆட்கள் சுருண்டு விழுந்தார்கள். வாட்சன் சதுப்பை வடிக்க வைத்தார், ஊரை ஒட்டிய காட்டை வெட்ட வைத்தார். ஆஸ்பத்திரிக்கு வந்த மலேரியா நோயாளிகளில் கிள்ளான் நகரத்தார் 1901-ல் 334 பேர், அடுத்தடுத்த வருஷங்களில் 129, 48, 28, 1905-ல் 12. துறைமுகத்தில் 188 என்பது 11-க்கு வந்தது.

இதை மட்டும் சொல்லியிருந்தால், அந்த வருஷங்களில் மலேரியா தானாகவே குறைந்திருக்கும் என்று யாரும் எதிர்வாதம் பேசலாம். வாட்சன் மூன்றாவது வரி ஒன்றும் வைத்திருந்தார்: வாய்க்கால் வெட்டாத மற்றப் பகுதிகள். அங்கே 197 என்பது 353 ஆக ஏறியிருந்தது. எனக்கு அந்த மூன்றாவது வரி மீதுதான் மரியாதை. இன்று உங்களிடம் கணினி இருக்கிறது, புள்ளியியல் மென்பொருள் இருக்கிறது. இந்த வரி இல்லாமல் வரும் ஆய்வறிக்கைகளையும் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

5. ஓர் ஊரைக் காப்பாற்றிய வழி அடுத்த ஊரைக் கொல்லலாம்.

கிள்ளானின் வெற்றியைப் பார்த்து, காட்டை வெட்டினால் மலேரியா போய்விடும் என்று நம்பினார்கள். கடலோரச் சமவெளியில் அது சரி. அங்கே நோய் பரப்பிய அனாபிலிஸ் அம்ப்ரோசஸ் நிழலான சதுப்பு நீரில் முட்டையிடும் கொசு. வெயில் விழுந்ததும் ஒழிந்தது. ஆனால் ரப்பர் போட மலைச்சரிவுகளில் அதே மாதிரி காட்டை வெட்டியபோது, சலசலவென்று ஓடும் தெளிந்த ஓடைகள் வெயிலுக்குத் திறந்துகொண்டன. அனாபிலிஸ் மாகுலேட்டஸுக்கு அதுதான் வேண்டும். கண்ணாடி போன்ற தண்ணீர், அழுக்கில்லை, தேக்கமில்லை. அதிலிருந்துதான் சாவு வந்தது. பிறகு ஓடை நீரைத் தரைக்கு அடியில் குழாய் வழியாகக் கொண்டுபோயும், எண்ணெய் தெளித்தும்தான் அடக்க முடிந்தது.

அந்த ஓடைக்கரை லயங்களில் குடியிருந்தவர்கள் யார்? கப்பலேறி வந்த நம் பாட்டன், பாட்டிகள். காலையில் பால்வெட்டப் போய், மதியம் குளிர் கண்டு படுத்து, எழுந்திருக்காமல் போனவர்கள். ஆய்வு நூல்களில் அவர்கள் பெயராக இல்லை, ஆயிரத்துக்கு இத்தனை என்று இருக்கிறார்கள். எந்தக் கொசு, எந்தத் தண்ணீர் என்று தெரியாமல் பொதுவாகக் 'கொசு ஒழிப்பு' என்று யாராவது திட்டம் போட்டால், எழுந்து நின்று கேள்வி கேளுங்கள். அந்த உரிமை உங்களுக்குக் கூடுதலாகவே உண்டு.

6. மலேரியா பார்க்கும் ரத்தத் தகட்டை நீங்களே தயார் செய்யப் பழகுங்கள். மரபணுச் சோதனை இயந்திரம் வந்த பிறகு இது எதற்கு என்று கேட்கிறீர்கள். இயந்திரத்துக்கு எந்த நோயாளியின் ரத்தம் போக வேண்டும் என்று முதலில் சொல்வது இன்றும் பல இடங்களில் இந்தத் தகடுதான்.

மோதிர விரலைத் துடையுங்கள். சாராயம் நன்றாக உலரட்டும். குத்தியதும் வரும் முதல் துளியைப் பஞ்சில் எடுத்துவிடுங்கள். தடித்த படலத்தைத் தகட்டு மூலையால் வட்டமாக இழுத்துப் பரப்புங்கள்; ஈரமாக இருக்கும்போதே அதைச் செய்தித்தாள் மேல் வைத்துப் பார்த்தால் கீழே உள்ள எழுத்து மங்கலாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ரத்தம் அதிகம், சாயம் போடும்போது உரிந்து வந்துவிடும். மெத்தனாலை மெல்லிய படலத்துக்கு மட்டும் காட்டுங்கள். தடித்ததில் ஒரு சொட்டு பட்டாலும் சிவப்பணுக்கள் உடையாமல் நின்று எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஜிம்சா சாயத்தைக் கரைக்கும் நீரின் பி.எச். 7.2 இருக்கட்டும். குழாய் நீரை நம்பாதீர்கள். ஒட்டுண்ணி இல்லை என்று எழுத வேண்டுமானால் தடித்த படலத்தில் குறைந்தது நூறு புலங்களைப் பார்த்திருக்க வேண்டும். அறுபதில் கண் சலித்தால் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து மீதி நாற்பதையும் பாருங்கள்.

தகட்டைப் பார்த்த கண்ணால் நோயாளியையும் பாருங்கள். சரவாக்கில், காப்பிட் பக்கம், பிளாஸ்மோடியம் மலேரியே என்று தகட்டைப் பார்த்து எழுதிக்கொண்டே இருந்தார்கள். சிவப்பணுவின் குறுக்கே பட்டைபோல ஒட்டுண்ணி கிடந்தது. பார்த்தால் அதே உருவம்தான். ஆனால் மலேரியே எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும், நிதானமான நோய், ஆளை அவ்வளவாகக் கொல்லாது. இங்கே ரத்தத்தில் ஒட்டுண்ணி வழக்கத்துக்கு மீறி அதிகமாக இருந்தது. பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ்-சிங் குழுவினர் மரபணுவைச் சோதித்து, இது குரங்குகளிடம் இருக்கும் நோலேசி என்று 2004-ல் வெளியிட்டார்கள். நோலேசி இருபத்து நான்கு மணி நேரத்தில் பெருகிவிடும். இன்று காலை லேசாகத் தெரிவது நாளை ஆளைச் சாய்த்துவிடும். 2018 முதல் நம் நாட்டில் மனித மலேரியா உள்ளூரில் பரவவில்லை. ஆனால் இந்தக் குரங்கு மலேரியா இன்னும் ஆளை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லாமல் முதல் வாக்கியத்தை மட்டும் மேடையில் சொல்கிறவர்களைத் திருத்துங்கள்.

7. தட்டில் வளர்ந்த எதையும் 'கலப்படம்' என்று சட்டென்று குப்பையில் போடாதீர்கள். மண்ணிலும் நீரிலும் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமியைப் பல கூடங்கள் அப்படித்தான் எறிந்திருக்கின்றன. அந்த நோய்க்குப் பெயர் வைத்ததே கோலாலம்பூரில் ஸ்டான்டனும் பிளெட்சரும்தான், 1921-ல். அதற்கு முன்பே, 1913-ல், இங்கே ஆய்வுக்கூட விலங்குகள் நடுவே அது பரவிக் கொன்றிருந்தது. சர்க்கரை நோயாளிகளைத்தான் முக்கியமாகத் தாக்கும். நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு எது? சந்தேகம் வந்தால் தட்டை மூடி, பாதுகாப்புப் பெட்டிக்குள் கொண்டுபோய்த் திறங்கள். முகர்ந்து பார்த்துச் சொல்லும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம்.

8. எல்லாவற்றுக்கும் கிருமி காரணமில்லை. மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1900-ல் தொடங்கியபோது இங்கே ஆளைக் கொன்ற பெரிய நோய்களில் ஒன்று பெரிபெரி. முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட் அது தொற்றுநோய் என்றே நம்பினார். ஆனால் தோட்டத்துத் தமிழர்களுக்கு அது அவ்வளவாக வரவில்லை. புழுங்கலரிசி தின்றார்கள், அதனால் தப்பினார்கள். தீட்டிய வெள்ளை அரிசி தின்றவர்கள் விழுந்தார்கள். பிராடன் என்ற மருத்துவர் இந்த வித்தியாசத்தை விடாமல் பேசினார். பிறகு பிரேசரும் ஸ்டான்டனும், தவிட்டோடு போகும் ஏதோ ஒன்று இல்லாததே காரணம் என்று நிறுவினார்கள்.

இடையில் பிளெட்சர், கோலாலம்பூர் மனநல விடுதியில் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குத் தீட்டிய அரிசி, மறு பாதிக்குப் புழுங்கலரிசி கொடுத்துப் பார்த்தார். தீட்டிய அரிசி தின்றவர்களில் பலர் இறந்தார்கள். முடிவு உலகத்துக்கு உதவியது, உண்மை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத மனிதர்கள் மேல் அதைச் செய்தார்கள். நெறிக்குழுவுக்கு எழுதும் விண்ணப்பம் உங்களுக்குச் சலிப்பாக இருக்கும்போது அந்த விடுதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

9. இன்று லயத்திலும் கட்டுமானக் கொட்டகையிலும் இருப்பவர்கள் வங்காளதேசத்தார், நேபாளிகள், இந்தோனேசியர்கள். நம் முன்னோர் படுத்த இடத்தில் இன்று அவர்கள் படுத்திருக்கிறார்கள். பெர்மிட் பயத்தில் கிளினிக்குக்கு வரமாட்டார்கள். வந்தாலும் முகவரியை மாற்றிச் சொல்வார்கள். அதட்டினால் ரத்தம் கிடைக்கும், உண்மை கிடைக்காது. அவர்கள் மொழி பேசும் ஒருவரைக் கூட்டிப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை போங்கள். போலீஸ் மாதிரி உடுத்திக்கொண்டு போகாதீர்கள். அவர்களை அந்நியர் என்று நம்மில் சிலர் பேசுவதைக் கேட்க மனசு கொதிக்கிறது.

10. பழையதைப் படியுங்கள். ஏ. ஏ. சந்தோஷம் என்ற நம் பேராசிரியர் மலாயாவின் மலேரியாவைப் பற்றி 1959-ல் எழுதிய நூல் இன்றும் கையில் வைத்துக்கொள்ளத் தகுந்தது. 1964-ல் தொடங்கிய மலேசிய ஒட்டுண்ணியியல், வெப்பமண்டல மருத்துவச் சங்கம் அவர் பெயரில் பதக்கம் கொடுக்கிறது. கொசு இனத்தை உருவத்தை வைத்துப் பிரிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் ஓய்வு பெறுவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

11. ரத்தம் கொடுத்தவரிடம் முடிவைத் திரும்பக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். கட்டுரை வெளியான பிறகு சொல்லலாம் என்று வைக்காதீர்கள். அதற்கு வருஷக்கணக்கில் ஆகும், அதற்குள் அவர் வேறு தோட்டத்துக்குப் போயிருப்பார். ஒன்றும் இல்லை என்ற முடிவானாலும் சொல்லுங்கள். மலாயோ தமிழோ வங்காளமோ, அவர் பேச்சில் சொல்லுங்கள். முடியாவிட்டால் தோட்டத்து மருத்துவ உதவியாளர் கையில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, யார் யாரிடம் சொன்னார் என்று அடுத்த வாரம் போன் பண்ணிக் கேளுங்கள்.