பல் போன இடத்தில் என்ன வைப்பது? பயமாக இருந்தால் என்ன செய்வது?

கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிப் பல மாதங்கள் ஆகிவிட்டனவா? வெளியே தெரியாத இடம்தானே, மறுபக்கத்தில் மென்றுகொள்ளலாம் என்று விட்டுவிட்டீர்களா? பலரும் அப்படித்தான் விட்டுவிடுகிறார்கள். ஆனால் வாய்க்குள் அந்த இடம் அப்படியே இருப்பதில்லை. பக்கத்துப் பற்கள் மெல்ல அந்த இடைவெளியை நோக்கிச் சாயும். எதிர்வரிசைப் பல் சிறிது சிறிதாக வெளியே நீளும். சாய்ந்த பற்களின் இடுக்கில் உணவு சிக்கி, சொத்தையும் ஈறு நோயும் வரலாம். பல்லைத் தாங்கியிருந்த தாடை எலும்பும் கரையும். முதல் ஆண்டில்தான் அது அதிகமாகக் கரைகிறது. எனவே பல்லைப் பிடுங்குவதற்கு முன்பே, அந்த இடத்தை எப்படி நிரப்புவது என்று பல் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். எல்லா இடைவெளியையும் நிரப்ப வேண்டும் என்பதில்லை. ஞானப்பல் எடுத்த இடத்தை யாரும் நிரப்புவதில்லை.

வீட்டில் மூத்தோர் இருந்தால் அவர்களின் தட்டைக் கவனியுங்கள். முதலில் கொய்யாப்பழத்தை ஒதுக்குவார்கள். பிறகு கேரட், கோழி இறைச்சி. கடைசியில் கஞ்சியும் தேநீரில் தோய்த்த பிஸ்கட்டும்தான் மிஞ்சும். புரதமும் நார்ச்சத்தும் குறைந்து, உடல் தளரும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இத்தகைய மாவு உணவு இன்னும் சிக்கல். "வயசாகிவிட்டது, பசி இல்லை" என்று அவர்கள் சொல்வதற்குப் பின்னால் மெல்ல முடியாத வாய் இருக்கலாம்.

மூன்று வழிகள்

கழற்றி மாட்டும் பொய்ப்பல் செலவு குறைந்தது. ஒரு பல்லுக்கும் செய்யலாம், முழு வரிசைக்கும் செய்யலாம். முதல் சில வாரங்கள் எச்சில் அதிகம் ஊறும், பேச்சு குழறும். தமிழ் முரசை எடுத்துச் சத்தமாக வாசித்துப் பாருங்கள், விரைவில் பழகிவிடும். உணவைச் சிறு துண்டுகளாக்கி, இருபக்கமும் மெல்லுங்கள். புண் ஏற்பட்டால் பொய்ப்பல்லை நீங்களே அரம் கொண்டு தேய்க்காதீர்கள். மருத்துவர் சில நிமிடங்களில் சரிசெய்துவிடுவார். இரவில் கழற்றி, மென்மையான சவர்க்காரத்தால் தூரிகை கொண்டு கழுவி, குளிர்ந்த நீரில் போட்டு வையுங்கள். வெந்நீரில் அதன் வடிவம் மாறிவிடும். பற்பசை அதைக் கீறிவிடும். வாயில் ஒரு பல்கூட இல்லாதவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாய்ப் புற்றுநோயின் தொடக்க அறிகுறிகளை அவர்தான் கண்டுபிடிப்பார்.

பல் பாலம் என்பது இடைவெளியின் இருபுறமும் உள்ள பற்களைச் செதுக்கி, அவற்றின் மேல் உறை மாட்டி, நடுவில் ஒரு பல்லைத் தொங்கவிடுவது. கழற்றத் தேவையில்லை. ஆனால் நல்ல பற்களைச் செதுக்க நேரிடும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பாலத்தின் அடியிலும் தினமும் சுத்தம் செய்ய வேண்டும்.

இம்பிளாண்ட் என்பது தாடை எலும்பில் பதிக்கப்படும் டைட்டானியம் திருகு. எலும்பு அதைப் பற்றிக்கொள்ளப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதங்கள் ஆகும். அதற்குப் பிறகே மேலே பல் பொருத்தப்படும். பக்கத்துப் பற்களைத் தொட வேண்டியதில்லை. செலவும் காலமும்தான் அதிகம். புகைபிடித்தாலோ, நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலோ அது நிலைக்காமல் போகும் வாய்ப்பு கூடுகிறது. எலும்பு மெலிவுக்கு மாத்திரை அல்லது ஊசி எடுத்துக்கொண்டால் கட்டாயம் சொல்லுங்கள். சில மருந்துகளால் தாடை எலும்பு ஆறுவது தடைபடலாம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவர்கள் அதை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

நீல அல்லது ஆரஞ்சு நிற சாஸ் அட்டை, முன்னோடித் தலைமுறை அட்டை, மெர்டேக்கா தலைமுறை அட்டை ஆகியவற்றில் ஒன்று இருந்தால், சாஸ் பல் மருந்தகங்களில் பொய்ப்பல்லுக்கு மானியம் பெறலாம். இம்பிளாண்ட் அறுவை சிகிச்சைக்கு வரம்புக்கு உட்பட்டு மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தலாம். சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளும் முன் மொத்தச் செலவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பயமாக இருக்கிறதா?

பயத்தைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். பல் மருத்துவர்கள் அன்றாடம் கேட்பதுதான். பல் பிடுங்குவதும் ஒற்றை இம்பிளாண்ட் பதிப்பதும் பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியோடு முடிந்துவிடும். அது போதாதவர்களுக்குத் தணிப்பு மருந்து உண்டு. மூக்கில் வைக்கும் முகமூடி வழியாகச் சுவாசிக்கும் வாயு, மாத்திரை, நரம்பு வழி ஊசி எனப் பல வகை. நீங்கள் விழித்திருப்பீர்கள், மருத்துவர் சொல்வதைச் செய்வீர்கள். பதற்றம் மட்டும் அடங்கும். நரம்பு வழி மருந்து தந்தால், நடந்தது பிறகு அதிகம் நினைவிருக்காது. தணிப்பு மருந்து வலியை நீக்காது. மரத்துப்போகும் ஊசி அதனோடும் போடப்படும். முழு மயக்கம் வேறு, அது சிலருக்கு மட்டுமே தேவைப்படும்.

உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், கடும் குறட்டை, ஆஸ்துமா, இதய நோய், கர்ப்பம் ஆகியவற்றில் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். தூக்க மாத்திரையையும் பாரம்பரிய மருந்தையும் மறைக்காதீர்கள். சிகிச்சையின்போது உங்கள் மூச்சையும் இதயத் துடிப்பையும் யார் கண்காணிப்பார்கள் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

எத்தனை மணி நேரம் உண்ணாமல் இருக்க வேண்டும் என்று மருந்தகம் சொல்லும், அப்படியே செய்யுங்கள். பால் கலந்த தேநீரும் உணவுதான். அதைக் குடித்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், சிகிச்சையைத் தள்ளிவைக்கலாம். வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

மாத்திரையோ நரம்பு வழி ஊசியோ என்றால், வீட்டுக்கு அழைத்துச் செல்லப் பெரியவர் ஒருவர் உடன் வர வேண்டும். அடுத்த 24 மணி நேரத்துக்கு வாகனம் ஓட்டவோ, அடுப்பில் சமைக்கவோ, மதுபானம் அருந்தவோ, ஆவணங்களில் கையெழுத்திடவோ வேண்டாம். பேரப்பிள்ளைகளை அன்று வேறு ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். எழுப்பியும் எழாத அளவுக்குத் தூங்கினாலோ மூச்சுத் திணறினாலோ, உடனே 995ஐ அழைக்கும்படி வீட்டில் உள்ளவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள்.