சுளுக்கும் தசைப்பிடிப்பும்: யந்திரசாலைத் தொழிலாளர் அறிய வேண்டியவை

ஸ்ரீபெரும்பூதூரையும் ஒரகடத்தையும் சூழ்ந்த கிராமங்கள் ஒரு தலைமுறைக்கு முன் ஏரியையும் ஏரையும் நம்பியே ஜீவித்து வந்தன. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலையும் உற்பத்தி தொடங்கின. இப்போது இவ்வூர்களின் வாலிபர்களும் பெண்களும் மோட்டார் வண்டி, மின்கருவி முதலியன செய்யும் சாலைகளில் சம்பளம் பெறுகின்றனர்.

கழனி வேலையும் இடுப்பை வருத்தும் வேலையே. ஆயினும் உழவு, நடவு, களையெடுப்பு, அறுப்பு எனப் பருவந்தோறும் வேலை மாறுவதால், தேகத்தின் ஒரே அங்கம் வருஷமெல்லாம் உழைப்பதில்லை. யந்திரசாலையிலோ ஒரே விதமான திருகாணியை ஒரே கையால் ஷிப்டு முழுதும் முடுக்க நேரிடுகிறது. இதனால் வரும் காயம் இரத்தம் காட்டாது; ஆகையால் பிறரும் நம்புவதில்லை, காயப்பட்டவரும் வெளியிடுவதில்லை. இங்ஙனம் மறைப்பதே பெரு நஷ்டத்துக்குக் காரணமாகிறது.

1. சுளுக்கு என்பது யாது?

எலும்பை எலும்போடு பிணைக்கும் நார் அளவுக்கு மீறி இழுபட்டோ கிழிந்தோ போவது சுளுக்கு. கணுக்கால் பிசகுவது இவ்வகை. தசையோ, தசையை எலும்போடு சேர்க்கும் நாணோ இழுபடுவது தசைப்பிடிப்பு. பளு தூக்கும்போது இடுப்பில் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இவ்வகை. ஜனங்கள் இரண்டையும் சுளுக்கென்றே சொல்வர். மூன்றாவதாக, ஒரே அசைவை ஓயாமல் செய்வதால் மணிக்கட்டிலும் தோளிலும் மெல்ல மெல்ல வரும் நோவு ஒன்றுண்டு. தொழில்களால் வரும் வியாதிகளைப் பற்றி 1700-ல் நூல் வெளியிட்ட இத்தாலிய வைத்தியர் ராமாஸினி, முறையற்ற அசைவும் தேகத்துக்கு ஒவ்வாத நிலையும் நோய்க்குக் காரணமென்று அப்போதே எடுத்துரைத்தார்.

2. பளுவும் எட்டமும்

எவ்வளவு பளு தூக்கலாம் என்பதை அமெரிக்க அரசாங்கத்தின் தொழிற் சுகாதார ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டு, 1991-ல் திருத்திய சூத்திரமொன்றை வகுத்தது. அதன்படி மிகவும் அனுகூலமான நிலையிலும் 23 கிலோவே எல்லை. அனுகூலமான நிலையாவது, பளு தேகத்தை ஒட்டியிருத்தல், நல்ல பிடி இருத்தல், இடுப்பைத் திருப்பாதிருத்தல் முதலியன. பளு கணுக்கால்களிலிருந்து 25 சென்டிமீட்டர் முன்னே இருக்கும்வரை இவ்வெல்லை பொருந்தும். அதையே 50 சென்டிமீட்டர் எட்டித் தூக்கினால் எல்லை பாதியாகி 11.5 கிலோவுக்கு இறங்கிவிடும். இடுப்பை 90 பாகை திருப்பித் தூக்கினால் 23 கிலோ சுமார் 16 கிலோவாகக் குறையும்.

பெட்டியின் எடை மாறவில்லை. எட்டமும் திருப்பமுமே மாறின. ஆகவே பெட்டியை அருகில் இழுத்துக்கொண்டு, இடுப்பைத் திருப்பாமல் பாதங்களைத் திருப்பித் தூக்க வேண்டும். ஆனால் தொழிலாளி ஜாக்கிரதையாயிருந்தால் மட்டும் போதாது. பெட்டியை இடுப்பு உயரத்தில் வைக்க மேஜை அமைப்பதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றி வேலை கொடுப்பதும் ஆலை நிர்வாகத்தாரின் கடமை.

3. முதல் சிகிச்சை

சுளுக்கு விழுந்தவுடன் எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவுவதும், சூடான ஒத்தடம் கொடுப்பதும் நம் வழக்கம். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு இவை வேண்டா. உள்ளே கிழிந்த இடத்தில் வீக்கம் அதிகரிக்கக் கூடும். துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைத்தால் வலி தணியும். துணிப்பட்டியை இறுக்காமல் கட்டி, காலை உயர்த்தி வைத்துக்கொள்க.

கணுக்காலில் எலும்பு முறிந்திருக்குமோ என்று சோதிக்க, கனடா தேசத்து ஒட்டாவா நகர டாக்டர்கள் 1992-ல் வெளியிட்ட விதி உலகெங்கும் வழங்குகிறது. காயம்பட்டவுடனும் ஆஸ்பத்திரியிலும் நான்கு அடி நடக்க இயலாவிட்டாலும், கணுக்கால் முட்டியின் நுனியிலோ பின்விளிம்பிலோ அழுத்தினால் எலும்பில் வலித்தாலும் எக்ஸ்-ரே படம் எடுப்பது அவசியம். கட்டுப் போட்டுக்கொள்ள ஆந்திர தேசத்துப் புத்தூருக்குப் போகிறவர்களும் முதலில் படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

4. படுக்கையா, நடமாட்டமா?

இடுப்புப் பிடிப்புக்குப் பாய் படுக்கையே மருந்தென்பது பழைய அபிப்பிராயம். பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி நகர ஊழியர் 186 பேரை மூன்று வகுப்பாக்கி நடத்திய ஆராய்ச்சி 1995-ல் வெளியாயிற்று. ஒரு வகுப்பார் இரண்டு நாள் படுத்தனர். ஒரு வகுப்பார் முதுகுக்குரிய தேகப்பயிற்சி செய்தனர். மற்றவர் வலி பொறுக்கும் அளவுக்கு வழக்கமான காரியங்களைச் செய்தனர். கடைசி வகுப்பாரே விரைவில் குணமடைந்தனர். இதைக் கொண்டு மறுநாளே பழைய பளுவைத் தூக்கலாமென்று எண்ணலாகாது. நடமாட்டம் வேறு, பளு வேறு. சில நாட்களுக்கு இலேசான வேலை கேட்டுப் பெறுவதே முறை.

காலில் பலமின்மை, தொடையிடுக்கில் மரத்துப் போதல், மலஜலம் அடக்க இயலாமை ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்க.

5. தெரிவித்தல்

காயம் வேலையினால் நேர்ந்ததென்று ஏற்கப்பட்டு, விபத்து நாள் நீங்கலாக மூன்று நாளேனும் வேலைக்கு இயலாதிருந்தால், இ.எஸ்.ஐ. திட்டத்தில் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். அதுவே சாதாரண வியாதியென்று எழுதப்பட்டால் 70 சதவீதமே. அதுவும் வருஷத்தில் 91 நாள் வரையில்தான். காண்டிராக்டர் மூலம் வேலை செய்பவரும் இத்திட்டத்தில் சேர்ந்தவரே. ஆகையால் காயம் நேர்ந்த அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லி, விபத்துப் புத்தகத்தில் பதியச் செய்க.

மெல்ல வரும் நோவுக்கு இன்ன நாள், இன்ன நேரம் என்பதில்லை. அதனால் ருசுப்படுத்துவது கடினம். வலி முதலில் தோன்றிய தேதியையும், அன்று செய்த வேலையையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்து, டாக்டரிடமும் அதையே சொல்லுக. ஒரே வரிசையில் ஐந்து பேருக்கு ஒரே மணிக்கட்டு வலித்தால், ஐவரும் சேர்ந்து தெரிவிப்பது உத்தமம். ஒருவரது வலியைச் சோம்பல் என்று தள்ளலாம். ஐவரது வலி, அவ்வேலையின் அமைப்பிலேயே குற்றமிருப்பதைக் காட்டும்.

வேலை போய்விடுமோ என்ற பயத்தால் வலியை மறைத்து, பின்பு சம்பளத்தையும் இழந்து, நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் உண்டு. கழனிக்குத் தரிசு விட்டு இளைப்பாற்றுவதை அறிந்தவர் நம்மவர். கைக்கும் முதுகுக்கும் அவ்வாறே இளைப்பாற்றல் வேண்டும்.