கொழும்பு வானொலியைப் படமாக்கக் கிளம்பும் கும்மிடிப்பூண்டித் தம்பிகளுக்கு

1964-ல் கடலில் கப்பலை நிறுத்தி, பிபிசி கொஞ்சமாகவே போட்ட பாப் பாட்டை நாள் முழுக்க ஒலிபரப்பியது ரேடியோ கரோலின். அந்தக் காலத்தை வைத்து ரிச்சர்ட் கர்ட்டிஸ் எடுத்த ‘தி போட் தட் ராக்டு’ (2009) பாட்டுக்காகத் தேறும், படமாகத் தேறாது. பில் நை, பிலிப் சீமோர் ஹாஃப்மன் இருந்தும் இரண்டேகால் மணி நேரக் கூத்துதான் மிச்சம். சிப்காட் ஷிப்ட் முடித்து, அறையில் அதைப் பார்த்துவிட்டு, இலங்கை வானொலியைக் குறும்படமாக்க நினைக்கிறீர்களா?

செய்ய வேண்டியவை

• கேட்டவர்களிடம் போங்கள். கர்ட்டிஸ் அவர்களைத் துணுக்குக் காட்சிகளோடு விட்டுவிட்டார். பொன்னேரி, பழவேற்காடு பக்கம் எழுபது வயதுக்காரர்களைப் பிடியுங்கள். வால்வு ரேடியோ சூடேறும்வரை காத்திருப்பது, சிற்றலையில் குரல் மங்கும்போது முள்ளை மயிரிழை நகர்த்துவது, பாட்டு முடிவதற்குள் இரைச்சல் வந்து விழுங்குவது: இதிலேயே பாதிப் படம் இருக்கிறது.

• காரணத்தைச் சொல்லுங்கள். 1952-ல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் காலத்தில் ஆகாசவாணி சினிமாப் பாட்டை ஒதுக்கியது. ஜனங்கள் கொழும்புக்குத் தாவினார்கள். அவர்களைத் திரும்பப் பிடிக்க, 1957 அக்டோபர் 3-ல் ஆகாசவாணியின் விவித பாரதி வந்தது. வேடிக்கை என்னவென்றால், இலங்கை வானொலியும் அரசாங்க நிலையம்தான். கலகம் செய்தது முள்ளைத் திருப்பிய விரல்.

• இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களைத் தனித்தனியாகக் கேட்டுப் பழகுங்கள். ராஜாவின் வேகம் வேறு யாருக்கும் வராது, மிமிக்ரி வேண்டாம்.

செய்யக்கூடாதவை

• அமைச்சரைக் கோமாளியாக்காதீர்கள். கர்ட்டிஸ் படத்தில் அமைச்சராக வந்த கென்னத் பிரானாவுக்கு நேர்ந்த கதி அது. கேஸ்கர் சாஸ்திரிய சங்கீதத்தை மனதார நம்பியவர். அவர் வாதத்துக்கும் இடம் கொடுங்கள்.

• பெண்களை விருந்தாளிகளாக மட்டும் காட்டாதீர்கள். இலங்கை வானொலியில் ராஜேஸ்வரி சண்முகம் மைக்கின் முன்னால் இருந்தவர்.

• ஆண்டைக் குழப்பாதீர்கள். 1966-ல் நடக்கும் கர்ட்டிஸின் கதையில் தி ஹூ குழுவின் 1971 பாட்டு ஒலிக்கிறது. 1960 டீக்கடையில் இளையராஜாவை விட்டால் நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? ‘அன்னக்கிளி’யே 1976.

• கர்ட்டிஸ் கப்பலை மூழ்கடித்ததுபோல, கிளைமாக்ஸுக்காக எதையும் மூழ்கடிக்காதீர்கள். 1967 ஆகஸ்டில் தடைச் சட்டம் வந்த பிறகும் கரோலின் பாடிக்கொண்டுதான் இருந்தது. 1968 மார்ச்சில் கப்பல்களை இழுத்துப்போனது கடன் பாக்கிக்காக. அசல் கதையே அதுதான்.

• உரிமை வாங்காமல் பழைய பாட்டைச் சேர்க்காதீர்கள். யூடியூப் படத்தையே தூக்கிவிடக்கூடும்.