எதிர்ப்பு சக்திக்கும் பிரேக் வேண்டும்

கொரோனாவுக்குப் பிறகு ‘இம்யூனிட்டி’ என்று அச்சிட்ட டப்பா இல்லாத மருந்துக் கடையைப் பார்ப்பது அரிது. எதிர்ப்பு சக்தி கூடக் கூட நல்லது, உண்டியலில் காசு போடுவதுபோல அதைச் சேர்த்துக்கொண்டே போகலாம் என்ற நம்பிக்கைதான் அந்த டப்பாக்களை விற்கிறது.

லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் 2006 மார்ச் 13 அன்று எட்டு இளைஞர்கள் ஒரு மருந்துச் சோதனைக்குப் படுத்திருந்தார்கள். எல்லோரும் நல்ல ஆரோக்கியம் உள்ளவர்கள். இரண்டு பேருக்கு ஏறியது மருந்தில்லாத வெறும் திரவம். மற்ற ஆறு பேருக்கு டிஜிஎன்1412 என்ற புது மருந்து. நோய் எதிர்ப்பு வேலை செய்யும் வெள்ளணுக்களில் ஒரு வகை டி செல். அதன் மேல் சிடி28 என்றொரு புரதம் இருக்கிறது. அதுதான் அந்தச் செல்லின் ஆக்ஸிலரேட்டர். அந்த ஆக்ஸிலரேட்டரை நேரடியாக மிதிக்கும் மருந்து டிஜிஎன்1412. ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, முதுகுவலி, குமட்டல், காய்ச்சல். பிறகு ரத்த அழுத்தம் சரிந்தது. நுரையீரலும் சிறுநீரகமும் தடுமாறின. ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். உயிர் பிழைத்தார்கள் என்பது பெரிய ஆறுதல். உள்ளே எந்தக் கிருமியும் நுழைந்திருக்கவில்லை. அவர்களுடைய சொந்த டி செல்கள்தான் அந்தப் பாடு படுத்தின.

நமக்கு அப்படி ஆகாமல் தினமும் காப்பது சிடிஎல்ஏ-4 என்ற புரதம். 1987இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். டி செல் விழித்துக்கொண்டு வேலையில் இறங்கியதும் இந்தப் புரதம் அதன் மேற்பரப்புக்கு வருகிறது. சிடி28 எந்த மூலக்கூறைப் பிடித்து வேகம் எடுக்கிறதோ அதே மூலக்கூறை இது இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. சிடி28க்குப் பிடிமானம் கிடைப்பதில்லை; செல் அடங்குகிறது. இந்தப் புரதம் இல்லாமல் பிறந்த எலிகள் என்ன ஆகும் என்று 1995இல் பார்த்தார்கள். மூன்று, நான்கு வாரங்களில் செத்துப்போயின. டி செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகி இதயத் தசை வரை புகுந்திருந்தன. எதிர்ப்பு சக்திக்கு அந்த எலிகளிடம் ஒரு குறையும் இல்லை.

எதிர்ப்பு சக்தி இல்லாததால்தான் புற்றுநோய் வருகிறது என்பதும் பரவலான நம்பிக்கை. இதில் பாதி உண்மைகூட இருக்கலாம். ஆனால் பல கட்டிகளுக்குள் டி செல்கள் ஏற்கெனவே வந்து நிற்கின்றன. பிரேக் அழுத்தப்பட்டிருப்பதால் அசையாமல் நிற்கின்றன. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஆய்வாளர் ஜேம்ஸ் அலிசன் கேட்டது எளிமையான கேள்வி: பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டால்? சிடிஎல்ஏ-4ஐ மறைக்கும் ஆன்டிபாடியைப் புற்றுக்கட்டி உள்ள எலிகளுக்குக் கொடுத்தார்கள். கட்டிகள் கரைந்தன. 1996இல் ஆய்வு வெளியானது. அதே வழியில் மனிதர்களுக்கான மருந்தாக இபிலிமுமாப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2011இல்தான். இடையில் பதினைந்து வருடம்.

இப்படி எதிர்ப்பு சக்தியைக் கொண்டே புற்றோடு போராடும் இம்யூனோதெரபி, கீமோவின் இன்னொரு பெயர் இல்லை. கீமோ புற்றுச் செல்லை நேரடியாகக் கொல்கிறது. இபிலிமுமாப் புற்றைத் தொடுவதே இல்லை, டி செல்லைத்தான் தொடுகிறது. எல்லோருக்கும் பலிக்கும் அதிசயமும் இல்லை. மெலனோமா என்ற தோல் புற்று முற்றிய நோயாளிகளில் இபிலிமுமாப் எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவர்தான் மூன்று வருடத்தைத் தாண்டினார். ஆனால் அப்படித் தாண்டியவர்களில் பெரும்பாலோர் அதற்குப் பிறகும் பல வருடம் வாழ்ந்தார்கள். அந்த நோயில் முன்பு யாரும் எதிர்பாராதது அது.

எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை ஒன்று உண்டு: “நம்ம உடம்போட சொந்த சக்திதானே, சைடு எஃபெக்ட் இருக்காது.” இருக்கும். பிரேக் தளர்ந்த டி செல்கள் குடலையும் தைராய்டையும் நுரையீரலையும் தாக்கக்கூடும். இந்தச் சிகிச்சையில் இருப்பவருக்கு வயிற்றுப்போக்கு கண்டால் மோரும் ஓமத் தண்ணீரும் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். சீக்கிரம் ஸ்டீராய்டு தொடங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடுகிற விஷயம், தள்ளிப்போட்டால் குடலில் ஓட்டை விழும் அளவுக்கும் போகலாம்.

சிடிஎல்ஏ-4 புரதத்தை எதிர்த்திசையிலும் பயன்படுத்துகிறார்கள். முடக்குவாதத்துக்கு 2005இல் அனுமதி பெற்ற அபடாசெப்ட், சிடிஎல்ஏ-4இன் வெளிப்பகுதியையே மருந்தாக வடித்தது. மூட்டைத் தாக்கும் டி செல்களுக்கு வெளியிலிருந்து பிரேக் போடுகிறது.

புற்றுக்கான இம்யூனோதெரபி பணக்காரர்களுக்கு மட்டுமே ஆன சிகிச்சை என்ற நம்பிக்கையைப் பொய் என்று ஒதுக்க மனம் வரவில்லை, விலை அப்படி. ஆனாலும் அதை அசைக்கிற வேலை மும்பையின் டாடா மெமோரியல் மருத்துவமனையில் நடந்திருக்கிறது. பிடி-1 என்பது டி செல்லின் இன்னொரு பிரேக். கியோட்டோவில் தசுகு ஹோஞ்சோவின் ஆய்வகம் கண்டறிந்தது அது. 2018 நோபல் பரிசை அவரும் அலிசனும் பகிர்ந்துகொண்டார்கள். அந்த பிரேக்கைத் தளர்த்தும் நிவோலுமாபை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும், தலை–கழுத்துப் புற்று முற்றியவர்களுக்கு டாடா மருத்துவர்கள் கொடுத்தார்கள். கூடவே விலை குறைந்த மாத்திரைகள். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம். இந்தச் சிறு அளவு ஊசியும் சேர்ந்தபோது 43.4.