வியாபாரமும் கணனியும்: கடைச் சர்வருக்கு எந்த இயங்குதளம்?

எமது பகுதி வியாபாரிகளில் பலர் இப்போது ஒரு கணனியோடு நிற்பதில்லை. மாங்கேணியில் ஒரு சிறிய கொள்வனவு நிலையம், ஓட்டமாவடியில் மொத்தக் கடை, அதற்குப் பின்னால் களஞ்சியசாலை என்று தொழில் விரியும்போது கணனியும் நான்கு ஐந்தாகப் பெருகிவிடுகிறது. பில் போடும் மேசையில் இரண்டு, களஞ்சியத்தில் ஒன்று, கணக்குப்பிள்ளையிடம் ஒன்று, முதலாளியின் அறையில் ஒன்று. இவை எல்லாம் ஒரே கணக்கைப் பார்க்க வேண்டும் என்ற நிலை வந்ததும் கணனி விற்பவர், "சர்வர் ஒன்று போடுங்கள்" என்கிறார். ஒருவர் விண்டோஸ் சர்வர் என்கிறார், மற்றவர் லினக்ஸ் இலவசம் என்கிறார். விலைப்பட்டியல் இரண்டையும் மேசையில் வைத்துக்கொண்டு முதலாளி விழிக்கிறார். இந்த வாரம் அதைப் பற்றிப் பார்ப்போம்.

முதலில் பெயரை விளங்கிக்கொள்வோம். ஒரு கணனியை இயக்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். பல கணனிகளை ஒன்றாக இணைத்து, கோப்புகள் எங்கே இருக்க வேண்டும், யார் எதைத் திறக்கலாம், யார் திருத்தலாம், எந்தப் பிரின்டரில் அச்சிடலாம் என்று நடுவில் இருந்து நிர்வகிப்பது வலையமைப்பு இயங்குதளம். கடைக்கு உவமானம் சொன்னால், சாவிக்கொத்தை வைத்திருக்கும் நம்பிக்கையான மேற்பார்வையாளர் போன்றது. பெட்டகத்தின் சாவி ஒருவருக்கு, களஞ்சியத்தின் சாவி இன்னொருவருக்கு, யார் எத்தனை மணிக்குத் திறந்தார் என்பதற்கு ஒரு பதிவு.

விற்பவர்கள் வேகத்தைப் பற்றியே பேசுவார்கள். எமக்கு அதைவிட முக்கியமானது இந்தச் சாவி விடயந்தான். எனக்குத் தெரிந்த அரிசி ஆலைக்காரர் ஒருவரிடம் நான்கு கணனிகள் இருந்தன. நான்கிலும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். ஒருநாள் கடன் கணக்கொன்றில் பெரிய தொகை ஒன்று குறைந்திருந்தது. யாரோ திருத்தியிருந்தார்கள், யார் என்று காட்ட எந்தப் பதிவும் இல்லை. சந்தேகம் பில் மேசையில் இருந்த பொடியன் மேல் விழுந்தது. அவனை நிறுத்திவிட்டார்கள். பிறகு அந்த முதலாளி என்னிடம் சொன்னது: "காக்கா, அந்தப் பொடியன் எடுத்தானா இல்லையா எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது." ஒவ்வொரு சிப்பந்திக்கும் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் இருந்திருந்தால், கணக்கு மென்பொருளில் திருத்தப் பதிவும் இயங்கியிருந்தால், அவன் குற்றவாளி என்றாவது நிரபராதி என்றாவது தெரிந்திருக்கும். ஆகவே எந்த இயங்குதளம் என்று கேட்பதற்கு முன், எத்தனை பேர், யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் திருத்தலாம் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். இதை எழுத முடியாதவருக்கு எந்தச் சர்வரும் பயன் தராது.

அடுத்த கேள்வி, சர்வர் உங்களுக்கு உண்மையிலேயே தேவையா என்பது. சாதாரண விண்டோஸ் 10, 11 பதிப்புகளிலேயே கோப்புகளைப் பகிரலாம். அவற்றின் உரிம நிபந்தனைப்படி 20 சாதனங்கள் வரை இணையலாம். மூன்று கணனி உள்ள கடைக்கு அது போதும். ஆனால் சிப்பந்திகளின் பெயர்களை ஒவ்வொரு கணனியிலும் தனித்தனியே பதிய வேண்டும். ஒருவர் விலகினால் எல்லாவற்றிலும் போய் நீக்க வேண்டும். ஐந்தாறு கணனிகளுக்கு மேல் போனால் அது தொல்லை. இதற்கு இடைப்பட்ட வழியாக, வன்தட்டுகளைக் கொண்ட சிறிய சேமிப்புப் பெட்டிகள் விற்பனைக்கு உண்டு. சைனோலஜி, கியூநாப் ஆகியவை அறியப்பட்ட பெயர்கள். அவற்றுக்குள் இயங்குவது லினக்ஸ்தான், ஆனால் பாவிப்பவர் அதை அறிய வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: அந்தப் பெட்டியை இணையத்துக்கு நேரடியாகத் திறந்து விடாதீர்கள். 2022 ஜனவரியில் அவ்வாறு திறந்திருந்த கியூநாப் பெட்டிகளைப் பூட்டி, கப்பம் கேட்டார்கள்.

இனி, பெரிய பெயரை நம்பலாமா என்ற விடயம். 1990களின் தொடக்கத்தில் அலுவலக வலையமைப்பு என்றால் உலகெங்கும் நொவெல் நிறுவனத்தின் நெட்வெயார்தான். 1983இல் வந்த அந்த இயங்குதளம் கோப்பையும் பிரின்டரையும் பகிர்வதில் சூரன். 1993இல் மைக்ரோசொப்ட் விண்டோஸ் என்டியைக் கொண்டுவந்தது. கணக்கு மென்பொருள்களும் தரவுத்தள மென்பொருள்களும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தன. நெட்வெயாரில் கோப்புப் பகிர்வு நன்றாகவே நடந்தது, ஆனால் அதன் மேல் ஓட்டுவதற்கு மென்பொருள் எழுதுவோர் குறைந்தார்கள். 2010 மார்ச்சில் அதன் பொது ஆதரவு முடிந்தது. அதை நம்பியிருந்த நிறுவனங்கள் தமது கோப்புகளையும் பெயர்ப்பட்டியல்களையும் வேறிடத்துக்கு மாற்றும் வேலையில் இறங்க வேண்டியதாயிற்று. நுழையும்போதே வெளியேறும் வழியையும் கேட்டு வைப்பது நல்லது.

லினக்ஸ் பக்கம் போனவர்களின் அனுபவத்தையும் பார்க்க வேண்டும். எமக்கு மிக அண்மையில் தமிழ்நாடு இருக்கிறது. அரசுக்குச் சொந்தமான எல்காட் என்னும் தமிழ்நாடு மின்னணு நிறுவனத்தின் நிர்வாக இயக்குனராக இருந்த சி. உமாசங்கர் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி, 2006, 2007 காலப்பகுதியில் அந்நிறுவனத்தை விண்டோசில் இருந்து சூசே லினக்சுக்கு மாற்ற முன்னின்றார். ஊருக்கு உபதேசம் செய்யுமுன் தமது அலுவலகக் கணனிகளை மாற்றினார் என்பது கவனிக்கத்தக்கது. பிறகு பாடசாலைகளுக்கும் அரச அலுவலகங்களுக்கும் அதே முறை போனது. 2008இல் அவர் அந்தப் பதவியில் இருந்து மாற்றப்பட்டார். 2011இல் அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணனி கொடுக்கத் தொடங்கியபோது அவற்றில் விண்டோஸ் இருந்தது.

பக்கத்து மாநிலமான கேரளாவில் கதை வேறு. ஐடி அற் ஸ்கூல் என்ற பாடசாலைக் கணனித் திட்டம் 2001இல் தொடங்கி, பின்னர் முழுமையாக லினக்சுக்கு மாறியது. அங்கே ஆசிரியர்களையே பெருந்தொகையில் பயிற்றுவித்தார்கள். மென்பொருளைத் தமது பாடத்திட்டத்துக்கு ஏற்றவாறு தாமே தொகுத்தார்கள். 2017இல் அந்தத் திட்டம் கைட் என்ற அரச நிறுவனமாயிற்று. 2019இல் அது வெளியிட்ட புதிய பதிப்பு 2 இலட்சத்துக்கும் அதிகமான பாடசாலைக் கணனிகளுக்கு என்று அறிவிக்கப்பட்டது. இரண்டு மாநிலங்களிலும் இருந்தது ஒரே லினக்ஸ் குடும்பந்தான். ஓரிடத்தில் ஊக்கம் பெரும்பாலும் ஓர் அதிகாரியில் தங்கியிருந்தது, மற்ற இடத்தில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களில் தங்கியிருந்தது என்றே நான் இதை வாசிக்கிறேன். ஜேர்மனியின் மியூனிக் நகரசபை 2003இல் லினக்சுக்கு மாறத் தீர்மானித்து, பத்து வருடம் பாடுபட்டு சுமார் 15,000 கணனிகளை மாற்றிவிட்டு, 2017இல் மறுபடி விண்டோசுக்கே திரும்ப வாக்களித்தது. பணக்கார நகரசபைக்கே அப்படி என்றால் எமது கடைகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டாமா?

எமது நிலைமைக்கு வருவோம். கடையின் சர்வரைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கணக்கு மென்பொருள்தான். டேலி விண்டோசுக்காக எழுதப்பட்டது. எமது ஊர்களில் பொடியன்மார் எழுதிக் கொடுக்கும் பில் மென்பொருள்களும் பெரும்பாலும் விண்டோசை நம்பியவை. ஆகவே பில் மேசைக் கணனிகளில் விண்டோஸ் இருக்கத்தான் போகிறது. நடுவில் இருக்கும் சர்வர் மட்டும் லினக்சாக இருக்கலாம். அதற்கு உதவுவது சம்பா என்ற இலவச மென்பொருள். அவுஸ்திரேலியாவின் அன்ட்ரூ ட்ரிட்ஜெல் 1992இல் தொடங்கிய வேலை அது. லினக்ஸ் சர்வரில் உள்ள கோப்புறையை விண்டோஸ் கணனிகள் தமது இனத்தைச் சேர்ந்ததாகவே கண்டுகொள்ளும். 2012 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்பு முதல் பாவனையாளர் பெயர்களையும் கடவுச்சொற்களையும் விண்டோஸ் சர்வர் போலவே நடுவில் வைத்து நிர்வகிக்கவும் அதனால் முடியும். ஆனால் உங்கள் கணக்கு மென்பொருள் சர்வரிலேயே மைக்ரோசொப்ட்டின் தரவுத்தளத்தைப் போட வேண்டும் என்றால், எழுதியவரிடம் கேட்காமல் லினக்சில் கை வைக்க வேண்டாம். "இது சம்பாவில் ஓடுமா? ஓடாவிட்டால் நீங்கள் வருவீர்களா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

செலவுக் கணக்கைப் போடும்போது டொலரை மறக்கக்கூடாது. விண்டோஸ் சர்வர் 2022இன் ஸ்டாண்டர்ட் பதிப்புக்கு, 16 கோர் உரிமத்துக்கு, மைக்ரோசொப்ட் அறிவித்த பட்டியல் விலை 1,069 டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவை அண்டி நின்றபோது அது 213,800 ரூபா. அதே வருடம் மே மாதத்தில் டொலர் 360ஐத் தொட்டபோது 384,840 ரூபா. சர்வர் மாறவில்லை, இரண்டே மாதத்தில் விலை மாறிவிட்டது. அதோடு முடிவதுமில்லை. சர்வரோடு இணையும் ஒவ்வொரு ஆளுக்கோ கணனிக்கோ தனி அணுகல் உரிமம் வாங்க வேண்டும். விலைப்பட்டியலில் இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள், பல சமயம் இருக்காது. லினக்சில் இந்த உரிமச் செலவுகள் இல்லை. ஆனால் அமைத்துத் தருபவரின் கூலி உண்டு, அவர் மறுபடி வரும் கூலியும் உண்டு. இலவசம் என்ற சொல் மென்பொருளுக்குத்தான், மனிதருக்கு அல்ல.

"எல்லாரும் போடுவதுதானே" என்று திருட்டுப் பிரதி போடுவோர் இன்னும் இருக்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணனி மென்பொருளையும் பாதுகாக்கிறது, மீறினால் தண்டப்பணமும் சிறையும் உண்டு. பூட்டை உடைத்துப் போட்ட பிரதிகளில் புதுப்பித்தலையும் நிறுத்தி வைப்பது வழக்கம். 2017 மே மாதத்தில் வனாகிரை என்ற கப்ப வைரஸ் உலகைக் கலக்கியது, பிரித்தானியாவின் அரச வைத்தியசாலைகள் நோயாளர்களைத் திருப்பி அனுப்பின. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதம் முன்னரே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. புதுப்பிக்காதவர்களே பெரும்பாலும் மாட்டினார்கள்.

உரிமம் வாங்கினாலும் அதற்கு ஆயுள் உண்டு. விண்டோஸ் சர்வர் 2003க்கான ஆதரவு 2015 ஜூலை 14இல் முடிந்தது. 2008க்கு 2020 ஜனவரி 14, 2012க்கு 2023 ஒக்டோபர் 10. 2016 பதிப்புக்கு 2027 ஜனவரி 12 கடைசி நாள். பழைய சர்வரை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது வந்தால் இந்தத் திகதிகளை ஒப்பிட்டுப் பாருங்கள், மலிவின் காரணம் தெரியும். இலவச லினக்சிலும் இதே கவனம் வேண்டும். சென்டோஸ் 8க்கு 2029 வரை ஆதரவு என்று நம்பிப் பலர் போட்டார்கள். 2021 முடிவோடு நிறுத்தம் என்று 2020 டிசம்பரில் அறிவித்துவிட்டார்கள். உபுண்டுவில் நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்று கேட்டு வாங்கினால் ஐந்து வருடம் கிடைக்கும், டெபியனிலும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் விட நான் பெரிதாக மதிக்கும் கேள்வி ஒன்று உண்டு. காலை எட்டு மணிக்கு சர்வர் எழும்பவில்லை என்றால் யார் வருவார்? கொழும்பில் இருந்து வருபவர் என்றால் அன்றைய வியாபாரம் போயிற்று. வாழைச்சேனையிலோ மட்டக்களப்பிலோ இருந்து வரக்கூடியவராக, ஒருவர் அல்ல இருவராவது, அந்த இயங்குதளத்தை அறிந்தவர்களாக இருக்க வேண்டும். எமது கெட்டிக்காரத் தம்பிமார் திடீரென்று கட்டாருக்கோ துபாய்க்கோ விமானம் ஏறிவிடுவார்கள். அதை யாரும் குறை சொல்ல முடியாது, ஆனால் சர்வரின் தலைமைக் கடவுச்சொல்லும் அவர்களோடு விமானம் ஏறிவிடக்கூடாது. அமைத்து முடித்த அன்றே அந்தக் கடவுச்சொல், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, பிரதி எப்போது எடுக்கப்படுகிறது என்பவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கி, உறையில் இட்டு, காணி உறுதியோடு வையுங்கள்.

இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் கணக்குச் சேவைகளும் இப்போது உண்டு, அவற்றுக்குக் கடையில் சர்வரே தேவையில்லை. நல்ல இணைப்பு உள்ள நகரக் கடைக்கு அது தோதாகலாம். இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் இடத்தில் பில் மேசையை அதில் தொங்க விடுவதை நான் விரும்பவில்லை. மின்சாரத்துக்கும் அதே கதைதான். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்ததை யாரும் மறக்கவில்லை. சர்வருக்குத் தனி யூபிஎஸ் வேண்டும், மின்சாரம் தீருமுன் தானாக முறைப்படி அணையும் ஏற்பாட்டோடு.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால்: கோப்புப் பகிர்வும் பிரின்டரும் மட்டும் தேவையான, பத்துக்கு உட்பட்ட கணனிகள் உள்ள கடைக்குச் சேமிப்புப் பெட்டி போதும், அல்லது பக்கத்தில் தெரிந்த ஆள் இருந்தால் சம்பா போட்ட லினக்ஸ். கணக்கு மென்பொருள் மைக்ரோசொப்ட்டின் தரவுத்தளத்தைக் கேட்டால், கிளைகளும் இருந்தால், காசைக் கொடுத்து முறையான விண்டோஸ் சர்வரை வாங்குங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று அங்கே லினக்சைத் திணிப்பது இரண்டு செலவு.

எதைப் போட்டாலும் பணத்தின் கடைசிப் பங்கைக் கொடுக்குமுன் ஒரு சோதனை வையுங்கள். கடை பூட்டியிருக்கும் ஒரு வெள்ளிக்கிழமை அமைத்தவரைக் கூப்பிடுங்கள். சர்வரை அணைத்துவிட்டு, அது எரிந்துபோனதாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல்நாள் இரவு எடுத்த பிரதியை வேறொரு கணனியில் ஏற்றி, வியாழக்கிழமை வரையான கடன்காரர் பட்டியலை அச்சிட்டுத் தரட்டும். எத்தனை மணித்தியாலம் எடுத்தது என்று குறித்து, அந்தப் பட்டியலைக் கணக்குப்பிள்ளையின் கொப்பியோடு வரிக்கு வரி ஒத்துப் பார்த்த பின் மீதியைக் கொடுங்கள்.