ஆஸ்துமாவும் ஆயுள் காப்பீடும்: படிவத்தில் ஒரு ‘ஆம்’

பன்னிரண்டு வயதிலிருந்து எனக்கு ஆஸ்துமா. மார்கழிப் பனி, கரும்பலகை துடைக்கும்போது பறக்கும் சாக்பீஸ் தூள், இரண்டில் ஒன்று போதும்; மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கிறேன். இன்ஹேலரைக் கைப்பையின் அடியில்தான் வைத்திருப்பேன். மாணவர்கள் பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆயுள் காப்பீடு எடுக்க முடிவு செய்தேன். மகள் அப்போது எட்டாம் வகுப்பு; வீட்டுக்கடன் இன்னும் பதினோரு ஆண்டு பாக்கி. உணவு இடைவேளையில் முகவர் ஆசிரியர் அறைக்கே வந்தார். படிவத்தின் கேள்விகளை மளமளவென்று படித்து, ‘இல்லை’, ‘இல்லை’ என்று அவரே குறித்துக்கொண்டு போனார். நுரையீரல் நோய்கள் பற்றிய கேள்வி வந்ததும் நான் நிறுத்தினேன்.

“சார், எனக்கு ஆஸ்துமா இருக்கு.”

“வீசிங் எல்லாம் ஒரு நோயா டீச்சர்? ‘இல்லை’ன்னே போட்டுடுவோம். ‘ஆமா’ன்னு போட்டா மெடிக்கல் கேப்பாங்க, பிரீமியம் ஏறும், வேண்டாம்னே திருப்பி அனுப்பினாலும் அனுப்பிடுவாங்க.”

இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். காரணம் என் சித்தப்பா.

சித்தியின் கையில் வந்த கடிதம்

சித்தப்பாவுக்கும் ஆஸ்துமாதான். பாலிசி எடுத்த இரண்டாம் ஆண்டு, ஒரு மழைக்கால இரவில் மூச்சுத்திணறல் வந்து மருத்துவமனையில் இறந்துபோனார். மருத்துவமனைக் குறிப்பில் ‘பத்து ஆண்டுகளாக ஆஸ்துமா’ என்று இருந்தது. காப்பீட்டுப் படிவத்தில் ‘இல்லை’ என்று இருந்தது. காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்டது. கட்டிய பிரீமியம் மட்டும் திரும்பி வந்தது. “அவர் சொல்லி எழுதினதா, ஏஜென்ட் தானா எழுதினதா, எனக்குத் தெரியாதும்மா. ஆனா கையெழுத்து அவரோடதுதான்” என்றார் சித்தி. பொய்யான விடை எழுதப்பட்டபோது சித்தி அந்த இடத்திலேயே இல்லை. அதற்கான விலையைக் கொடுத்தது அவர்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒன்பதாம் வகுப்பில் பட்டறி நிகழ்தகவு நடத்துகிறோம். காப்பீட்டின் அடிப்படை அதுதான். ஒரே வயதுடைய பல்லாயிரம் பேரில் ஓராண்டில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற பழைய பதிவுகளைக் கொண்டு பிரீமியம் கணக்கிடப்படுகிறது. ஒருவருடைய இடர் சராசரியைவிடக் கூடுதலா என்று அறியவே உடல்நலக் கேள்விகள்.

‘ஆஸ்துமா’ என்ற ஒரு சொல்லுக்குள் பல நிலைகள் உண்டு. பருவம் மாறும்போது மட்டும் லேசாக இழுப்பவரும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வந்தவரும் ஒன்றல்ல. அதனால் ‘ஆம்’ என்றதும் அடுத்த கேள்விகள் வரும்:

• எந்த வயதில் தொடங்கியது? கடைசியாக எப்போது இழுப்பு வந்தது?
• இரவில் மூச்சுத் திணறி விழிப்பது உண்டா?
• தினசரித் தடுப்பு இன்ஹேலரா, அவசரத்துக்கு மட்டுமா? ஸ்டீராய்டு மாத்திரை எத்தனை முறை?
• மருத்துவமனையில் சேர்ந்ததுண்டா? வென்டிலேட்டர் வைத்ததுண்டா?
• புகைப்பழக்கம் உண்டா?
• இதற்காக எத்தனை நாள் விடுப்பு?

இவற்றுக்கான விடைகளைப் பொறுத்து நான்கில் ஒரு முடிவு வரும்: வழக்கமான பிரீமியம், கூடுதல் பிரீமியம், சில மாதங்களுக்கு ஒத்திவைப்பு, மறுப்பு. நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்றுதான்.

கூடுதல் பிரீமியம் என்றதும் மலைக்க வேண்டாம். எடுத்துக்காட்டாக, 10 லட்சம் ரூபாய் பாலிசிக்கு ஆயிரத்துக்கு 1.50 ரூபாய் கூடுதல் என்றால் ஆண்டுக்கு 1,500 ரூபாய். மாதத்துக்கு 125 ரூபாய். அந்த 125 ரூபாயை மிச்சம் பிடிக்க 10 லட்சத்தைப் பணயம் வைக்கலாமா?

நான் செய்தவை

வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் போனேன். என் மனத்தில் ஒரு திட்டமும் இருந்தது: இரண்டு மாதம் இன்ஹேலரை நிறுத்திவிட்டால் ‘மருந்து எதுவும் இல்லை’ என்று எழுதலாமே! மருத்துவர் கடிந்துகொண்டார். தடுப்பு இன்ஹேலரை நிறுத்தினால் நோய் கட்டு மீறும். ஒழுங்காக மருந்து எடுப்பதுதான் நோய் கட்டுக்குள் இருப்பதற்குச் சான்று என்றார். ஸ்பைரோமெட்ரி எனும் மூச்சுத்திறன் சோதனை எடுத்து, என் நிலையை விளக்கி ஒரு கடிதமும் தந்தார். ஏழு ஆண்டுகளுக்கு முன் மருத்துவமனையில் இருந்தபோது தந்த டிஸ்சார்ஜ் குறிப்பையும் தேடி எடுத்தேன்.

படிவத்தில் ‘ஆம்’ என்று எழுதி, எல்லாவற்றின் நகலையும் இணைத்தேன். மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். ஐந்து வாரம் கழித்து, கொஞ்சம் கூடுதல் பிரீமியத்துடன் பாலிசி வந்தது. “நான் அப்பவே சொன்னேனே டீச்சர்” என்றார் முகவர். “பரவாயில்ல சார், நாளைக்கு என் பொண்ணு அலைய வேண்டாம்” என்றேன்.

சட்டம் தெரிந்திருக்க வேண்டும்

1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 2015இல் திருத்தப்பட்டது. அதன்படி பாலிசி தொடங்கி 3 ஆண்டுகள் கடந்தபின் எந்தக் காரணத்தைக் காட்டியும் நிறுவனம் அதைக் கேள்விக்குள்ளாக்க முடியாது. அதற்குள் என்றால், முக்கியமான உண்மையை மறைத்ததாகக் காட்டி மறுக்க முடியும். “மூன்று வருஷம் ஓட்டிட்டா போதும்” என்று சிலர் சொல்வதுண்டு. என் சித்தப்பாவுக்கு இரண்டாம் ஆண்டே முடிந்துவிட்டது. பிரீமியம் கட்டாமல் காலாவதியான பாலிசியைப் புதுப்பித்தால், அந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் மீண்டும் எண்ணப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது பல முகவர்கள் கைப்பேசியிலேயே படிவத்தை நிரப்பி, ஓடிபி மட்டும் கேட்கிறார்கள். ஓடிபி சொல்வது கையெழுத்துப் போடுவதற்குச் சமம். விடைகளைப் படித்துப் பார்த்த பிறகே சொல்லுங்கள். பாலிசி கைக்கு வந்ததும் உங்கள் படிவத்தின் நகலைச் சரிபாருங்கள். தவறு இருந்தால் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். நிபந்தனைகள் பிடிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் பாலிசியைத் திருப்பித் தரலாம். முன்பே ‘இல்லை’ என்று எழுதியவர்களும் இப்போதே நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, ஒப்புகை பெற்று வைப்பது நல்லது.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் அதுவே முடிவல்ல. நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்து பிறகு முயலலாம். வேறு நிறுவனத்தை அணுகலாம். முந்தைய மறுப்பைப் பற்றிக் கேட்டால் அதையும் மறைக்கக் கூடாது. 1884இல் தொடங்கிய அஞ்சல் ஆயுள் காப்பீட்டில் ஆசிரியர்களும் சேரலாம். அங்கும் உடல்நலக் கேள்விகளுக்கு இதே நேர்மை வேண்டும். உரிய தொகை நியாயமின்றி மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடமும், அடுத்து காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடலாம். குறைதீர்ப்பாளரிடம் கட்டணம் கிடையாது; சென்னையில் அலுவலகம் உண்டு.

வகுப்பறையில்

இதை நிகழ்தகவுப் பாடத்தில் ஒரு செயல்பாடாகச் செய்து பார்த்தேன். நான்கு கற்பனை மனிதர்களின் உடல்நலக் குறிப்புகளை அட்டைகளில் எழுதிக் குழுக்களிடம் கொடுத்து, “யாரிடம் எவ்வளவு பிரீமியம் வாங்குவீர்கள்? ஏன்?” என்று கேட்டேன். நல்ல விவாதம் நடந்தது. “உண்மையைச் சொன்னவங்க அதிகம் கட்டணும், மறைச்சவங்க குறைச்சலா கட்டுவாங்களா? இது நியாயமா டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். விடையை நான் சொல்லவில்லை. என் சித்தியின் கதையைச் சொன்னேன். அந்த அட்டைகளில் ஒன்று என்னுடையது என்பதையும் சொல்லி, கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

மணி அடித்த பிறகு கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன் தயங்கியபடி வந்தான். “டீச்சர், எனக்கும் இருக்கு. பி.டி. பீரியட்ல சொல்றதே இல்ல” என்றான். அன்று மாலையே உடற்கல்வி ஆசிரியரிடம் அவனை அழைத்துப் போனேன்.