கூரையில் ஸ்பீக்கர் ஏற்கெனவே இருக்கிறதா? ஹோம் தியேட்டர் வாங்கும் முன் சில குறிப்புகள்

நாங்கள் வாங்கிய பழைய ஃபிளாட்டின் ஹாலில், ஃபால்ஸ் சீலிங்கில் வட்டமாக நான்கு ஸ்பீக்கர்கள் பதித்திருந்தார்கள். டி.வி. சுவரில் ஒரு பெட்டியிலிருந்து எட்டு வயர் முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. எந்த முனை எந்த ஸ்பீக்கருக்குப் போகிறது என்று எழுதி வைத்தவர் யாருமில்லை. முன்பு இருந்தவர்கள் ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இதே நிலையில் இருப்பவர்கள் கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். கூரையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதையும் வாங்கக் கூடாது.

1. முதல் செலவு, ஏணி ஏறும் உழைப்பு மட்டும்தான். ஸ்பீக்கரை மூடியிருக்கும் வலை பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டியிருக்கும், அல்லது விளிம்பில் செருகியிருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் அட்டையால் நெம்பினால் வந்துவிடும். உள்ளே தெரியும் மூன்று நான்கு ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, ஒரு கையால் தாங்கிப் பிடித்தபடி ஸ்பீக்கரை இறக்குங்கள். பின்புறத்தில் எத்தனை ஓம், எத்தனை வாட்ஸ் என்று எழுதியிருக்கும். ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 8 ஓம் அல்லது 6 ஓம் என்று இருந்தால் கவலையில்லை, எந்த வீட்டு ரிசீவரும் ஓட்டும். பின்னால் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருந்து, 100 வோல்ட் லைன் என்றோ, 3 வாட்ஸ், 6 வாட்ஸ் என்று பல இணைப்புகளோ காட்டினால், அது கடை, பள்ளி, கல்யாண மண்டபத்தில் அறிவிப்புக்குப் போடும் வகை. அதை அப்படியே ஹோம் தியேட்டர் ரிசீவரில் இணைக்கக் கூடாது. சிலவற்றில் 8 ஓம் இணைப்பும் தனியாக இருக்கும். இல்லையென்றால் ஸ்பீக்கரை மாற்றுவதே நல்லது.

2. வயரைச் சோதிக்க ஒரு பென்சில் பேட்டரி போதும். வயரின் இரண்டு முனைகளையும் 1.5 வோல்ட் பேட்டரியில் ஒரு நொடி தொட்டு எடுத்தால், மேலே எந்த ஸ்பீக்கர் 'டக்' என்கிறதோ அதுதான் அந்த வயருக்கு உரியது. ஸ்பீக்கரின் பிளஸ்ஸுக்குப் போகும் முனை பேட்டரியின் பிளஸ்ஸில் பட்டால் கூம்பு வெளியே தள்ளும்; உள்ளே போனால் முனை மாறியிருக்கிறது. டேப் ஒட்டி, 'முன் இடது', 'பின் வலது' என்று உடனே எழுதிவிடுங்கள். மல்ட்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு. 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6, 7 ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் வயரோ காயிலோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் ஷார்ட். அதோடு ரிசீவரை ஆன் செய்யவே கூடாது.

3. கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் நெடுநாள் உழைக்கும். ஃபோம் என்றால் சில வருடங்களில் பொடியாக உதிரும், கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம். உதிர்ந்த ஸ்பீக்கரை நம்பிப் பணம் போடாதீர்கள்.

4. 'ஒரு சவுண்ட்பார் வாங்கிட்டா எல்லாம் சரியாயிடும் சார்' என்று எனக்கு ஒரு கடையில் சொன்னார்கள். சரியாகாது. சவுண்ட்பாரில் கூரை ஸ்பீக்கர் வயரைச் செருகும் இடமே பொதுவாகக் கிடையாது. பெட்டியோடு வரும் மலிவு 5.1 செட்டுகளும் அவற்றோடு வரும் ஸ்பீக்கருக்கென்றே செய்தவை. நமக்கு வேண்டியது ஏ.வி. ரிசீவர்: பின்புறம் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சிவப்பு, கறுப்பு முனைகள் தனித்தனியாக இருக்கும்.

5. யமஹா, டெனான், சோனி ஆகியவற்றின் ஆரம்ப நிலை 5.1 ரிசீவரே சாதாரண ஹாலுக்குப் போதும். யமஹா ஆர்எக்ஸ்-வி385, டெனான் ஏவிஆர்-எக்ஸ்250பிடி போன்றவை இந்த ரகம். வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள்: எச்டிஎம்ஐ ஏஆர்சி (டி.வி.யின் ஒலியை எச்டிஎம்ஐ வயர் வழியே ரிசீவருக்குத் தரும் வசதி) இருக்கிறதா, அறையை அளந்து தானே சரிசெய்யும் மைக் பெட்டியில் வருகிறதா, சப்-ஊஃபர் அவுட் இருக்கிறதா. மைக் வசதி எல்லா மலிவு மாடலிலும் இருக்காது. கூரை ஸ்பீக்கர்கள் நாம் உட்காரும் இடத்துக்கு ஒரே தூரத்தில் அமைவது அரிது என்பதால், நமக்கு அது கண்டிப்பாக வேண்டும்.

6. வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஊதிக் காட்டும் பி.எம்.பி.ஓ. கணக்கை ஒதுக்கிவிட்டு ஆர்.எம்.எஸ். மட்டும் பாருங்கள். வாட்ஸ் இரட்டிப்பானால் ஒலி கூடுவது 3 டெசிபல்தான். அதாவது 50 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் காதில் தெரியும் வித்தியாசம் சிறியது.

7. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கூரையில் நான்கு இருக்கிறதே என்று, முன்பக்கம் உள்ள இரண்டை டி.வி.யின் முன் ஸ்பீக்கராக ஆக்கிவிடத் தோன்றும். முதல் மாதம் நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். திரையில் ஒருவர் பேசுவார், குரல் விசிறிக்குப் பக்கத்திலிருந்து வரும். என் அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். 'என்னப்பா சொல்றான்?' என்று நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்பார். நான் வால்யூமைக் கூட்டுவேன். பாட்டு வந்ததும் வீடே அதிரும். கடைசியில் டி.வி.க்குக் கீழே ஒரு சென்டர் ஸ்பீக்கர் வாங்கி வைத்தேன். அன்று இரவு அப்பா ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. படத்தில் வசனத்தின் பெரும்பகுதி சென்டர் சேனலில்தான் வருகிறது. கையில் இருக்கும் பணத்தில் ரிசீவருக்கு அடுத்தபடி சென்டருக்கு ஒதுக்குங்கள், பிறகு டி.வி.யின் இரு பக்கமும் வைக்க ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். மூன்றும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையாக இருந்தால், குரல் இடமிருந்து வலம் நகரும்போது நிறம் மாறாது.

8. சோபாவுக்கு நேர் மேலேயோ சற்றுப் பின்னாலோ உள்ள இரண்டைச் சரவுண்டாக இணையுங்கள். மழை, கூட்டத்தின் இரைச்சல், பின்னணி இசையின் பரப்பு எல்லாம் மேலிருந்து வந்தாலும் உறுத்தாது. ட்வீட்டர் திரும்பக்கூடிய வகையென்றால், அதைச் சோபா பக்கம் சாய்த்து விடுங்கள்.

9. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி அட்மாஸ் 2012-ல் தியேட்டர்களுக்கும் 2014-ல் வீட்டு ரிசீவர்களுக்கும் வந்தது. கூரை ஸ்பீக்கர் இருக்கும் வீட்டுக்கு அது பொருத்தம்தான். ஆனால் அதற்கு 7 சேனல் ரிசீவர் வேண்டும், சரவுண்ட் ஸ்பீக்கர் காது மட்டத்தில் இருக்க வேண்டும். சரவுண்டும் கூரையில், உயரத்துக்கான ஸ்பீக்கரும் கூரையில் என்றால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடும். பின்சுவரில் இரண்டு ஸ்பீக்கர் மாட்ட முடியாதவர்கள் அட்மாஸுக்காக அதிகம் கொடுக்க வேண்டாம். மீதமாகும் முன் ஜோடி சும்மா கிடந்தால் கிடக்கட்டும்.

10. ஒரே முனையில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை இணையாகப் போட்டால் 4 ஓம் ஆகிவிடும். மலிவு ரிசீவர் சூடாகி நின்றுவிடும். மீதமிருக்கும் ஸ்பீக்கரையும் ஓட வைக்கும் ஆசையில் இதைச் செய்யாதீர்கள்.

11. ஜிப்சம் பலகையில் பதித்த ஸ்பீக்கரில் அடிநாதம் வராது. பலகைதான் கிடுகிடுக்கும். ரிசீவர் மெனுவில் கூரை ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று வைத்து, கிராஸ்ஓவரை 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் அமையுங்கள். அதற்குக் கீழுள்ளதைச் சப்-ஊஃபர் பார்த்துக்கொள்ளும். சப்-ஊஃபருக்கு இப்போது பணமில்லை என்றால் ஆறு மாதம் கழித்து வாங்கலாம். அதை வாங்குவதற்காகச் சென்டரை விட்டுவிடாதீர்கள். வந்ததும் அதைச் சோபாவில் வைத்து ஓடவிட்டு, நீங்கள் அறை ஓரமாகத் தவழ்ந்து பாருங்கள். அடிநாதம் சீராகக் கேட்கும் இடம்தான் அதற்குரிய இடம்.

12. கூரையில் இரண்டே ஸ்பீக்கர், பாட்டுக்கு மட்டும் போதும் என்றால் ரிசீவரே வேண்டாம். ப்ளூடூத்தும் ஆப்டிக்கலும் உள்ள சிறு டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர் ஒன்று மிகக் குறைந்த விலையில் வேலையை முடித்துவிடும்.

13. டி.வி.யிலிருந்து ரிசீவருக்கு ஒரே எச்டிஎம்ஐ வயர், இரண்டு பக்கமும் ஏஆர்சி என்று எழுதிய துளையில். டி.வி. மெனுவில் சி.இ.சி. ஆன் செய்திருக்க வேண்டும். டி.வி. பழையது என்றால் ஆப்டிக்கல் வயர், அதில் 5.1 வரை வரும், அட்மாஸ் வராது.

14. ரிசீவரைப் பழையதாக வாங்கினால் ஒரு ஸ்பீக்கரைக் கையோடு கொண்டுபோய் ஒவ்வொரு சேனலிலும் மாட்டிக் கேளுங்கள். எச்டிஎம்ஐ துளைகள் எல்லாவற்றையும் சோதியுங்கள். 4கே படம் ரிசீவர் வழியாகப் போக வேண்டுமென்றால் எச்டிசிபி 2.2 இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்தது என்றால் கவனம்: அது 120 வோல்ட். நம் 230 வோல்ட்டில் செருகினால் அன்றோடு முடிந்தது. துபாய், சிங்கப்பூர் செட்டுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

15. புதிதாக வயர் இழுக்க நேர்ந்தால் 16 கேஜ் செம்பு வயர் போதும். கரண்ட் வயர் போகும் பைப்பில் அதை நுழைக்க விடாதீர்கள், எலக்ட்ரீஷியன் எவ்வளவு சொன்னாலும்.

16. மைக் வைத்து அளவெடுக்கும்போது ஃபேன், ஏ.சி. இரண்டையும் நிறுத்துங்கள். மைக் காது உயரத்தில், ஆள் உட்காரும் இடத்தில் இருக்கட்டும்.

17. ரிசீவரை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். மேலே ஒரு சாண் இடைவெளி வேண்டும். செட்டாப் பாக்ஸை அதன் தலையில் ஏற்ற வேண்டாம். இடி மின்னல் நாளில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கூரை ஸ்பீக்கரின் சத்தம் ஸ்லாப் வழியாக மேல்வீட்டுக்கும் ஏறும் என்பதால், ராத்திரி பத்து மணிக்கு மேல் 'நைட் மோட்' போட்டுக்கொள்ளுங்கள். வெடிச்சத்தம் அடங்கி, வசனம் அப்படியே கேட்கும்.